நாலு நூல் இடைவெளி

கூண்டு வாங்க வருகிறவர்கள் அதன் வெளிப்புறத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். செய்கிறவர் உள்புறத்தைத் தடவிப் பார்க்கிறார். செய்து முடித்த கூண்டின் வாசல் வழியே முழங்கை வரை கையை விட்டு, சுண்டுவிரல் நுனியை ஒவ்வொரு கம்பி முனையிலும் ஓட்டுகிறார். விரல் எங்காவது தட்டி நின்றால் அங்கே பிசிறு இருக்கிறது. அரத்தை எடுத்து நாலு இழுப்பு, மறுபடியும் விரல். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்பக்க மூலை ஒன்று மட்டும் மூன்று முறை அரம் வாங்கியது.

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகளும் செல்லப்பிராணிக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் பகுதிக்குச் சற்றுத் தள்ளி, தகரக் கூரை போட்ட பட்டறை அது. உரிமையாளருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். வெல்டிங் வேலைக்கு இரண்டு பேர். தட்டு, கொக்கி, தீனிக் கிண்ணம் பொருத்துவது ஓர் அம்மாவின் வேலை. அவருக்குச் சம்பளம் நாள் கணக்கில் இல்லை, கூண்டுக் கணக்கில். கம்பியை அளந்து வெட்டுவது, மரச்சட்டத்தில் ஆணி அடித்துச் செய்த அச்சில் வரிசையாக அடுக்குவது, குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைப்பது என்று வேலை ஓடுகிறது. அச்சிலிருந்து எடுத்தால் ஒரு பக்கச் சுவர் தயார். ஆறு பக்கமும் சேர்ந்தால் பெட்டி.

உரிமையாளர் முன்பு ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்துகொண்டிருந்தவர். இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டேன். "கிரில்லை யாரும் வாயில வைக்க மாட்டாங்க சார். கிளி நாள் பூரா கம்பியை வாயிலதான் வெச்சிருக்கும்."

இந்தத் தொழிலின் பாதிப் பாடம் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. கிளி இனத்துக்கு அலகு மூன்றாவது கால். அலகால் பற்றி, காலை எடுத்து வைத்து, மறுபடி அலகால் பற்றித்தான் ஏறும். சும்மா இருக்கும் நேரத்தில் கடித்துப் பார்க்கும், நாக்கால் புரட்டிப் பார்க்கும். அதனால் கம்பியின் மேல் என்ன பூச்சு இருக்கிறதோ, அது கொஞ்சம் கொஞ்சமாகப் பறவையின் வயிற்றுக்குள் போகும்.

மலிவான கூண்டுகளில் இருப்பது ஜி.ஐ. கம்பி, அதாவது துரு ஏறாமலிருக்கத் துத்தநாகம் பூசிய இரும்பு. பட்டறையில் துத்தநாகத்துக்கு ஜிங்க் என்று பெயர். சுருள் சுருளாக வரும் வெல்டு மெஷ்ஷில் இரண்டு ரகம். ஒன்று, பூச்சுப் பூசிய கம்பிகளை எடுத்துப் பிறகு பற்றவைத்தது. பற்றவைத்த புள்ளியில் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேதான் தொடங்கும். இன்னொன்று, வெறும் கம்பியை முதலில் பற்றவைத்துவிட்டு, வலையோடு உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. பார்க்கக் கனமாக, நன்றாக இருக்கும். ஆனால் சந்திப்புகளில் துத்தநாகம் சொட்டாகத் திரண்டு உறைந்திருக்கும். உரிமையாளர் ஒரு துண்டு வலையை வெயிலில் பிடித்துக் காட்டினார். கடுகளவு மணிகள், ஓரத்தில் முள்போல நீட்டிய செதில்கள். நகத்தால் நெம்பியதும் ஒன்று பெயர்ந்து விழுந்தது. என் நகத்துக்கே வருகிற செதில், கொட்டையை உடைக்கும் அலகுக்கு எம்மாத்திரம்?

அந்தச் செதில் இரைப்பையின் அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் சேர்கிறது. பறவை சோர்ந்து உட்காரும், தின்றதைக் கக்கும், எச்சம் தண்ணீராகவோ கரும்பச்சையாகவோ மாறும், கால்கள் வலுவிழக்கும். கால்நடை மருத்துவர்கள் எக்ஸ்ரே எடுத்து வயிற்றில் உலோகத் துணுக்கு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தை ஊசியாகப் போடுவார்கள். ஆனால் பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். கிளி வாடியது கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். புதுக் கூண்டு வாங்கிய சில வாரங்களில் இப்படி நடப்பதால், வெளிநாட்டில் பறவை வளர்ப்பவர்கள் இதைப் 'புதுக்கம்பி நோய்' என்றே அழைக்கிறார்கள்.

அதே ஜிங்க் வெல்டரையும் விடுவதில்லை. துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகி, 900-ஐத் தாண்டியதும் ஆவியாகிவிடும். வெல்டிங் பொறியின் சூடு அதைவிடப் பல மடங்கு. அதனால் ஜி.ஐ. கம்பியில் பொறி பட்டதும் வெள்ளைப் புகை கிளம்பும். அதை மூச்சில் இழுத்தவருக்கு நாக்கில் அசட்டுத் தித்திப்பு, சாயங்காலம் குளிர் நடுக்கம், உடம்பு வலி, காய்ச்சல். ஒன்றிரண்டு நாளில் தானாகவே இறங்கிவிடும் என்பதால் யாரும் மருத்துவமனைக்குப் போவதில்லை. "மலேரியானு நெனச்சு ரத்தம் டெஸ்ட் எல்லாம் எடுத்தேன் சார், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்றார் இரண்டு வெல்டர்களில் இளையவர். புகை வேலை உள்ள நாளில் உரிமையாளர் பால் வாங்கிக் கொடுக்கிறார். பட்டறைகளில் காலங்காலமாக இருக்கும் வழக்கம் அது. பால் புகையை முறிக்கும் என்பதற்கு மருத்துவச் சான்று எதுவும் கிடையாது. முறிப்பது காற்றோட்டமும் முகக் கவசமும்தான். இங்கே ஒரு மின்விசிறி புகையைத் தெருப்பக்கம் தள்ளுகிறது. கவசம் சுவரில் தொங்குகிறது.

அப்படியானால் எந்தக் கம்பி நல்லது? துருப்பிடிக்காத எஸ்.எஸ்., அதிலும் 304 ரகம். விலையைக் கேட்டதும் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் குறைந்த விலையில் 202 ரகம் இருக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய கலவை அது. நம் ஊர் ஈரக் காற்றில் நாளடைவில் புள்ளி புள்ளியாகப் பழுப்பேறும். காந்தத்தைக் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்து, "ஒட்டலை, அசல் எஸ்.எஸ்.தான்" என்று திருப்திப்படுகிற வாடிக்கையாளர்கள் உண்டு. 202-இலும் காந்தம் ஒட்டாது என்பது அவர்களுக்குத் தெரியாது. பழைய இரும்புக் கடைக்காரர்கள் ஒரு சொட்டுத் திரவம் விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து ரகம் பிரிப்பார்கள். இந்தப் பட்டறையிலும் அந்தச் சின்னப் புட்டி இருக்கிறது.

நடுத்தர வழி, சாதா இரும்புக் கம்பியில் செய்து பவுடர் கோட்டிங் அடிப்பது. தூளை மின்னேற்றி ஒட்டவைத்து அடுப்பில் சுடும் பூச்சு, பெயின்ட் போல எளிதில் உரியாது. பட்ஜி, காக்டெய்ல் போன்ற சின்னக் கிளிகளுக்குத் தாராளமாகப் போதும். பெரிய கிளி என்றால் அதையும் சுரண்டிவிடும். கடையில் வாங்கிய டப்பாப் பெயின்டை வீட்டிலேயே அடித்துக்கொள்கிறவர்களைப் பற்றிக் கேட்டபோது உரிமையாளர் கையெடுத்துக் கும்பிட்டார். பழைய பெயின்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஈயம் துத்தநாகத்தைவிடக் கொடியது.

அளவுகளை இங்கே நூலில் பேசுகிறார்கள். எட்டு நூல் ஓர் அங்குலம். கம்பிக்கும் கம்பிக்கும் நாலு நூல் என்றால் அரை அங்குலம். பட்ஜிக்கு அதுதான் உச்சவரம்பு. ஆறு நூல் விட்டால் முப்பது நாற்பது கிராம் எடையுள்ள அந்தக் குட்டிப் பறவை தலையை நுழைத்துவிடும். நுழைந்த தலை திரும்பி வருவதுதான் சிரமம். காக்டெய்லுக்கு நாலிலிருந்து ஆறு நூல். கிரே பாரட் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு ஆறிலிருந்து எட்டு. மக்காவுக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் போகலாம், ஆனால் அங்கே கம்பி போதாது, ராடு வேண்டும். நம் ஊரில் பட்ஜியைத்தான் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டு வாங்குகிறார்கள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, குட்டையானது, கடி பலமானது. அதனால் யார் வந்து லவ் பேர்ட்ஸ் கூண்டு கேட்டாலும், "போட்டோ இருந்தா காட்டுங்க" என்கிறார் உரிமையாளர்.

கம்பியின் பருமனைக் குறிக்கும் கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். பதினான்கு கேஜ் சுமார் 2 மில்லிமீட்டர், பத்து கேஜ் சுமார் 3.2. பதினான்கில் செய்த கூண்டைக் கிரே பாரட்டுக்கு வாங்கிப் போனவர் ஒருவர், கம்பி வளைந்த கூண்டோடு திரும்பி வந்து சண்டை போட்டாராம். அந்தக் கூண்டு இன்னும் பட்டறை மூலையில் கிடக்கிறது. பற்றவைத்த புள்ளிகளில் ஏழெட்டு விட்டுப்போயிருந்தன. செய்தது கிளி.

கடைகள் மொத்தமாகக் கேட்பது வட்டக் கூண்டு. மேலே கோபுரம், உச்சியில் வளையம், தங்க நிறம். பால்கனியில் தொங்கவிட்டால் படம் பிடிக்க நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால் அதில் மணிபிளான்ட் வைக்கலாம். கம்பிகள் மேலே போகப் போகக் குறுகி ஒன்றுகூடும் இடத்தில் ஏறிப் பழகிய பறவையின் விரலோ அலகோ மாட்டும். ஒதுங்கி உட்கார மூலை கிடையாது. உயரம் இருக்கும், நீளம் இருக்காது. பறவையோ நெட்டாகப் பறக்காது, கிடையாகத்தான் பறக்கும். ஒரு ஜோடி பட்ஜிக்கு இரண்டரை அடி நீளமாவது வேண்டும் என்பது இவர் கணக்கு. கிரே பாரட்டின் இறக்கை விரிப்பே ஒன்றரை அடிக்கு மேல். அதற்கு மூன்றடி அகலம், இரண்டடி ஆழம், நாலடி உயரம் கொடுத்தால்தான் உடம்பை நீட்டிச் சோம்பல் முறிக்கவே முடியும். மேலும் எல்லாப் பக்கமும் நெட்டுக் கம்பியாக இருந்தால் கிளி வழுக்கும். இரண்டு பக்கமாவது குறுக்குக் கம்பி இருந்தால் ஏணிபோல ஏறும்.

கதவுக்கு வருவோம். மேலே தூக்கி விடுகிற கதவு செய்யச் சுலபம், மலிவு. அலகால் அதைத் தூக்கிப் பாதி தலையை நீட்டும்போது கழுத்தில் விழும் ஆபத்தும் அதில்தான். இந்தப் பட்டறையில் இப்போது பக்கவாட்டில் திறக்கும் கதவுதான். கிரே பாரட்டுக்கு வெறும் கொக்கி போதாது. பார்த்துப் பார்த்துக் கழற்றக் கற்றுக்கொள்ளும். திருகி மூடுகிற வளையம் போடுகிறார்கள்.

கூண்டோடு வரும் பிளாஸ்டிக் குச்சியை முதலில் எடுத்து எறியச் சொல்கிறார், தட்டும் கிண்ணமும் பொருத்தும் அந்த அம்மா. ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சியில் நாள் முழுக்க நின்றால் பாதத்தில் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். கொய்யாக் கிளை, வேப்பங்கிளை, புளியங்கிளை என்று வெவ்வேறு பருமனில் கோணல்மாணலாக வெட்டி வைத்தால் கால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிப் பிடிக்கும், கடிக்கவும் ஆகும். அரளி மட்டும் ஆகாது, அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. கீழ்த்தட்டில் செய்தித்தாள் போதும். தினமும் மாற்றும்போது எச்சத்தின் நிறம் கண்ணில் படும்.

நான் அங்கே இருந்தபோது ஒருவர் பைக்கில் வந்து பச்சைக்கிளிக்குக் கூண்டு கேட்டார். உரிமையாளர் சட்டென்று, "அதுக்குச் செய்யறதில்ல சார், ஃபாரஸ்ட்ல பிடிப்பாங்க" என்று சொல்லிவிட்டார். வந்தவர் நம்பாமல் சிரித்தார். நம் மரப்பொந்துகளில் வாழும் பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. 2022 திருத்தத்துக்குப் பின் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். கிளி ஜோசியக்காரரின் கையளவுப் பெட்டியில் இருப்பதும் இதே கிளிதான். வந்தவர் பக்கத்துத் தெருவில் பட்ஜி கூண்டு ஒன்றை வாங்கிப் போயிருப்பார். அதைத் தடுக்க ஒரு பட்டறைக்காரரால் முடியாது.

வெளிநாட்டு இனங்களின் நிலை வேறு. பட்ஜியும் காக்டெய்லும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பெருகியவை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியோ 2017 முதல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் இருக்கிறது. அப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கூண்டின் அளவைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, உள்ளே இருக்கும் உயிர் நியாயமாக அசைந்து நடமாட நீள, அகல, உயரம் போதாத கூண்டில் அடைப்பதைக் கொடுமை என்றே வகைப்படுத்துகிறது. அந்தப் பிரிவைப் பற்றி இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கும் அளவுப் பட்டியல் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது.

மதியத்துக்கு மேல் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். காக்டெய்ல் ஜோடி வாங்கப்போகிறார்களாம். கூண்டு வைக்கும் இடத்தை அளந்தே வந்திருந்தார்கள்: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, சமையலறை ஜன்னலோரம்.

"மேடம், நான்-ஸ்டிக் தவா வெச்சிருக்கீங்களா?"

"தோசைக்கல் அதுதான். ஏன்?"

சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்தால் அதன் பூச்சிலிருந்து கிளம்பும் ஆவியில் பறவை நிமிடங்களில் செத்துவிடும் என்று உரிமையாளர் விளக்கினார். மனிதர்களுக்கு அது தெரியாமலே போகலாம். பறவையின் நுரையீரலும் காற்றுப் பைகளும் காற்றை நம்மைவிட முழுமையாக உறிஞ்சுவதால் நஞ்சையும் அப்படியே உறிஞ்சிவிடுகின்றன. கணவர் கூடத்தில் டிவிக்கு எதிர்ச்சுவரைச் சொன்னார். ஒரு பக்கம் சுவர் இருப்பது நல்லது, நாலா பக்கமும் திறந்திருந்தால் கிளி மிரளும் என்றார் உரிமையாளர். அங்கே மூன்றடி கிடைக்கும் என்றதும் பேச்சு விலைக்குத் திரும்பியது. பவுடர் கோட்டிங் போட்டது பட்ஜெட்டைத் தாண்டியது. ஜி.ஐ.யிலேயே கொடுங்கள் என்றார் கணவர். உரிமையாளர் ஒரு நிமிடம் யோசித்து, சொட்டில்லாத வலையாகப் பொறுக்கி, சந்திப்புகளை அரம் போட்டுத் தருவதாகச் சொன்னார். கிளியை உள்ளே விடும் முன் கம்பி பிரஷ்ஷால் வினிகர் தேய்த்து, நாலைந்து தடவை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அப்படிச் செய்தால் ஆபத்து குறையும், முழுக்கப் போகாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

"வினிகர் எத்தனை பாட்டில் வேணும்?" என்று மனைவி கேட்டுக் கைபேசியில் குறித்துக்கொண்டார். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, பவுடர் கோட்டிங்குக்கு எவ்வளவு கூடும் என்று கணவர் போகிற போக்கில் இன்னொரு முறை விசாரித்தார்.