காப்பார் சாலையில் ஒரு ஜோடி விளக்கு

வட கிள்ளானில் தொடங்கும் காப்பார் சாலைக்கு இரண்டு முகங்கள். பகலில் டயர் கடை, பாட்டரி கடை, பட்டறை, சாப்பாட்டுக் கடை என்று இரு பக்கமும் நெருக்கியடிக்கும். கொள்கலன் லாரிகளுக்கு நடுவே மோட்டார்சைக்கிள்கள் புகுந்து போகும். இருட்டிய பிறகு காப்பார் பட்டணத்தைத் தாண்டிவிட்டால், அதே சாலை செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நீளும் ஒரு கறுப்புக் கோடு. தெருவிளக்கு சில இடங்களில் உண்டு, பல இடங்களில் இல்லை. ஐந்தாம் எண் கூட்டரசு சாலையின் இந்தப் பகுதி ஜெராம், புக்கிட் ரோத்தான் வழியாக கோல சிலாங்கூர் வரை சுமார் 45 கிலோமீட்டர் போகிறது.

பகலில் இந்தச் சாலையில் ஒரு ஜோடி முன்விளக்கு வாங்கினேன். இரவில் இதே சாலையில் அதைச் சோதித்துப் பார்த்தேன்.

என் வண்டி புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1.8 லிட்டர், 16 வால்வு, மிட்சுபிஷி வழிவந்த இன்ஜின், 5 கியர் மேனுவல். 1996ல் லோட்டஸ் நிறுவனம் புரோட்டோன் கைக்கு வந்த பிறகு, அந்த ஆங்கிலேயப் பொறியாளர்கள் கைவைத்து இறுக்கிய சஸ்பென்ஷன். இருபது வயதைத் தாண்டியும் வளைவில் அது ரோட்டைப் பிடிக்கும் பிடியை இன்றைய பல புது வண்டிகளில் காண முடியாது. விளக்கு மட்டும் கிழடாகிவிட்டது. உள்ளே இருக்கும் கண்ணாடிப் பூச்சு மங்கி, லோ பீம் போட்டால் யாரோ மெழுகுவர்த்தியோடு முன்னால் நடந்து போவது போல இருக்கும்.

வானொலியில் என் நிகழ்ச்சி இரவு பத்துக்கு முடியும். வார இறுதிகளில் ஜெராமில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்க இந்த இருட்டில்தான் போக வேண்டும். நாய், மாடு, பின்விளக்கு இல்லாத மோட்டார்சைக்கிள் எது எப்போது எதிரே வரும் என்று சொல்ல முடியாது. நல்ல விளக்கு எனக்கு அவசியம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இரண்டு கண்ணிலும் புரை வந்து அறுவை சிகிச்சை ஆனது. அதன் பிறகு இரவில் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். “எதிர்ல வர்றவன் லைட்டு ஊசி மாதிரி குத்துதுப்பா. அவன் போன பிறகும் கொஞ்ச நேரத்துக்கு ரோடே தெரியல” என்பார். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் வெளிச்சம் சிதறுவது கூடும். கூச்சத்திலிருந்து மீளும் நேரமும் நீளும். வெள்ளிக்கிழமை இரவுப் பூஜைக்குப் போக அவர் இப்போது யாராவது வந்து ஏற்றிக்கொள்ளக் காத்திருக்கிறார். நிகழ்ச்சியில் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நேயர்கள் அழைத்துச் சொல்லும் முதல் புகாரும் இதுதான். என் விளக்கு இன்னொருவருடைய அப்பாவை வீட்டிலேயே உட்கார வைத்துவிடக் கூடாது. இந்த எண்ணத்தோடுதான் கடைக்குள் நுழைந்தேன்.

நான் போனது ஒரு ஹாஃப்கட் கடை. ஜப்பானில் ஓடி முடித்த கார்களை நடுவில் வெட்டி, இன்ஜின், கியர்பாக்ஸ், விளக்கு எல்லாம் இருக்கும் முன்பாதியைக் கப்பலில் கொண்டுவந்து பாகம் பாகமாக விற்கும் கடை. உடல் இல்லாத முகங்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு சொர்க்கம். சாமான் தேடப் போனவன் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிடுவான்.

தவுக்கே என் வண்டியைச் சுற்றி வந்து நான்கு வழிகளைச் சொன்னார்.

முதல் வழி, இருக்கும் விளக்குக்குள்ளேயே எல்இடி பல்பு. அரை மணி நேர வேலை. பல பேர் செய்வது இதுதான், எதிரே வருபவர் கண்ணைக் குத்துவதும் பெரும்பாலும் இதுதான். சத்ரியாவுக்குப் போடுவது எச்4 பல்பு. அதில் இரண்டு இழைகள் இருக்கும். லோ பீம் இழைக்குக் கீழே சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று, வெளிச்சம் மேலே எகிறாமல் மறைத்து வைக்கும். அந்த இழை எந்த மில்லிமீட்டரில் நிற்கிறதோ, அதற்கேற்பத்தான் பின்னால் இருக்கும் பிரதிபலிப்பான் வளைக்கப்பட்டிருக்கிறது. இழைக்குப் பதில் எல்இடி சில்லுகளை வைத்தால் வெளிச்சம் பிறக்கும் இடமும் வடிவமும் மாறிவிடுகின்றன. ஓட்டுபவருக்குப் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் வெள்ளையாகிவிடும். தூரத்தில் தெரிய வேண்டியது தெரியாது. மிச்சம் எதிரே வருபவர் முகத்துக்குப் போகும்.

இரண்டாவது, எச்ஐடி கிட். 35 வாட் செனான் விளக்கு சுமார் 3,200 லூமென் கொடுக்கும். எச்4 பல்பின் லோ பீமோ சுமார் 1,000 லூமென். மூன்று மடங்கு வெளிச்சத்தை அதற்காகச் செய்யப்படாத கூட்டில் ஊற்றுகிறோம். 2,000 லூமெனைத் தாண்டும் விளக்கு என்றால் தானாகச் சமன்செய்யும் கருவியும், விளக்கைக் கழுவும் கருவியும் வேண்டும் என்பது ஐ.நா. வாகன விதிமுறை. பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும், விளக்கும் தூக்கும். கண்ணாடியில் படிந்த சேறு வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அதனால்தான் அந்த விதி. நம் நாட்டிலும் அங்கீகாரமில்லாத முன்விளக்கு மாற்றம் குற்றம். ஜேபிஜே சோதனையில் மாட்டினால் சம்மன்.

மூன்றாவது, ஹாஃப்கட் வண்டியிலிருந்து புரொஜெக்டரைக் கழற்றி என் விளக்குக் கூட்டுக்குள் பொருத்துவது. நால்வழியில் என்னை மிகவும் இழுத்தது இதுதான். முன்னால் லென்ஸ், உள்ளே தடுப்புத் தகடு. வெளிச்சத்தின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேராக நிற்கும். ஜப்பானியச் சாமான் என்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. லோ பீம் இரு பக்கமும் ஒரே மாதிரி விழுவதில்லை. சாலையோர நடைபாதையையும் அறிவிப்புப் பலகையையும் காட்ட ஒரு பக்கம் சற்று மேலே ஏறும். நம்மைப் போலவே ஜப்பானிலும் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் அந்த ஏற்றம் சரியாக இடது பக்கம் விழும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த விளக்கை இங்கே மாட்டினால், ஏற்றம் நேராக எதிரே வருபவர் முகத்தில். ஆனால் கூட்டைச் சூடாக்கிப் பிரித்து, வெட்டி, மறுபடி ஒட்ட வேண்டும். கை சுத்தமில்லை என்றால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். அங்கீகாரக் கேள்வியும் கூடவே வரும்.

நான்காவது, பழைய விளக்கின் அதே வடிவத்தில் புதுக் கூடு. அதே எச்4, அதே 60/55 வாட், ஆனால் நல்ல நிறுவனத்துப் பல்பு. தவுக்கே இதைக் கடைசியாக, ஆர்வமே இல்லாமல் சொன்னார். “பாஸ், இதுல ஸ்டைல் இல்ல” என்றார்.

பக்கத்துப் பட்டறையில் வயரிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “தம்பி, எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க” என்று மீட்டரை எடுத்து வந்தார். பாட்டரியில் 13.8 வோல்ட். விளக்கின் சாக்கெட்டில் வைத்துப் பார்த்தால் 11.9 வோல்ட். நடுவில் இருந்த பழைய வயரும், கருகிய சுவிட்சும், துருப்பிடித்த எர்த்தும் கிட்டத்தட்ட 2 வோல்ட்டைத் தின்றுவிட்டிருந்தன.

2 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். 10 விழுக்காடு வோல்டேஜ் போனால் 30 விழுக்காடு வெளிச்சம் போய்விடும். என் வண்டியின் கணக்குப்படி, கிடைக்க வேண்டியதில் கிட்டத்தட்ட 40 விழுக்காடு வயரிலேயே காணாமல் போயிருந்தது. பழைய வண்டியின் விளக்கு மங்கியதும் நாம் பல்பைத்தான் குறை சொல்கிறோம். 100 வாட் பல்பைப் போட்டுச் சமாளிக்கலாம் என்பவர்களும் உண்டு. அந்தச் சூட்டில் அதே பழைய வயரும் சாக்கெட்டும் உருகும்.

நான்காவது வழியை எடுத்தேன். புதுக் கூட்டின் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் நாட்டு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்தேன், ஐ.நா. விதிமுறைப்படி அங்கீகாரம் பெற்றதற்கு அது அடையாளம். விளக்கை எதிரே நின்று பார்க்கும்போது அம்புக்குறி நம் வலது பக்கம் காட்டினால், அது இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான விளக்கு. அண்ணன் பாட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, ரிலேயும் ஃபியூஸும் வைத்து, எர்த்தைச் சுரண்டிப் புதிதாக முடுக்கினார். சாக்கெட்டில் இப்போது 13.5 வோல்ட்.

பிறகு சுவர். பட்டறையின் பின்சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி, சமதரையில் வண்டியை நிறுத்தினோம். டயர் காற்று சரி, பெட்ரோல் பாதி, ஓட்டுநர் இருக்கையில் நான். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 62 சென்டிமீட்டர். 10 மீட்டரில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அதைவிட 10 சென்டிமீட்டர் கீழே, அதாவது 52ல் நிற்க வேண்டும். அண்ணன் ஸ்க்ரூவைத் திருகத் திருக, சுவரில் கோடு மெல்ல இறங்கி நின்றது. இந்தக் கடைசி வேலைக்குப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை ஜெராமுக்குப் போய் அப்பாவை ஏற்றிக்கொண்டேன். இருட்டும் வரை நேரம் இருந்ததால் கோல சிலாங்கூர் புக்கிட் மலாவத்தியில் மெதுவாக நடந்து ஏறினோம். சாம்பல் நிறக் குரங்குகளுக்கும் பீரங்கிகளுக்கும் மேலே அல்டிங்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. கோட்டையைப் பிடித்த டச்சுக்காரர்கள் வைத்த பெயர். இப்போதுள்ள கோபுரம் 1907ல் கட்டப்பட்டது. கலங்கரை விளக்கின் கதையும் நான் பட்டறையில் கேட்ட கதைதான். பிரான்சில் பிரெனெல் என்ற பொறியாளர் வளையம் வளையமாக வெட்டிய கண்ணாடி லென்ஸ், 1823ல் கொர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏற்றப்பட்டது. சாதாரண எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தை வீணாக்காமல் அடிவானத்துக்குத் திருப்பியது அந்த லென்ஸ். பழைய கார் விளக்குகளின் கண்ணாடியில் இருக்கும் வரிவரியான பள்ளங்களும் அந்தக் குடும்பம்தான்.

எட்டு மணிக்குக் கம்போங் குவாந்தானில் படகு ஏறினோம். துடுப்பு வலிக்கும் சின்ன சம்பான். மோட்டார் சத்தம் இல்லை. சிலாங்கூர் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் சிமிட்டின. ஆண் பூச்சி பெண்ணை அழைப்பது அந்தச் சிமிட்டலால்தான். நம் வெளிச்சம் அதிகமானால் அதன் குரல் அதற்கே கேட்காமல் போகிறது. அதனால்தான் படகில் பிளாஷ் கூடாது, டார்ச் கூடாது. போகிறவர்கள் நிலவு இல்லாத, மழை இல்லாத நாளாகப் பாருங்கள்.

திரும்பும் வழியில் ஜெராம் அருகே ஒரு தோட்டச் சாலையில் அப்பாவை ஓரமாக இறக்கிவிட்டு, நூறு மீட்டர் தள்ளிப் போய்த் திரும்பி, லோ பீமில் அவரை நோக்கி வந்தேன். வெளிச்சம் அவர் முழங்கால் வரை ஏறியது, முகத்துக்குப் போகவில்லை. சாலையின் இடது ஓரத்தில் செம்பனை மரங்களின் அடிப்பகுதி வரிசையாகத் தெரிந்தது. அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

“உன் வண்டி நம்பர் படிக்க முடிஞ்சது” என்றார்.

லாரிக்காரரிடம் இதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்க முடியாது. அதற்குள் பிரதான சாலைக்கு வந்துவிட்டோம். எதிரே ஒரு பிக்கப், நீலம் கலந்த வெள்ளை விளக்கோடு. அப்பா கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, அது கடக்கும் வரை பேசவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவரை இன்னும் யாராவது ஏற்றிக்கொண்டுதான் போகிறார்கள். என் ஒரு வண்டி மாறியதால் இந்தச் சாலை மாறிவிடாது. உங்கள் வீட்டருகே ஒரு சமதரையும் ஒரு சுவரும் இருக்கும். இந்த வாரம் ஒரு நாள் இருட்டிய பிறகு, அளவு நாடாவோடு பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்திப் பாருங்கள். கோடு எங்கே நிற்கிறது?