வெற்றிலையும் செடிதானே!

"மரக்கறி மட்டும் சாப்பிட்டால் புற்றுநோய் கிட்ட வராது" என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் களுதாவளை வெற்றிலைத் தோட்டங்கள்தான் ஞாபகம் வந்தன. வெற்றிலை கொடியில், பாக்கு மரத்தில். மச்சம் துளியும் இல்லை! ஆனால் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003இலேயே அறிவித்துவிட்டது. புகையிலையும் சேர்ந்தால் இன்னும் மோசம். இலங்கை ஆண்களிடம் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்பது சும்மா இல்லை.

கீரையைக் குறைத்துச் சொல்லவில்லை. தீட்டாத அரிசி, குரக்கன், பயறு இவற்றின் நார்ச்சத்து பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு.

நோய் வந்தபின் கதை வேறு. அமெரிக்காவில் மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 3,088 பெண்களை ஏழு வருடத்துக்கு மேல் கவனித்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. வழமையான அளவுக்கு மேலாக மரக்கறியும் பழமும் சாப்பிட்ட குழுவிலும் நோய் திரும்புவது குறையவில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கீமோ ஏற்றி மெலிந்துபோன ஆளிடம் "மச்சத்தை விடு" என்று ஊரே உபதேசம் பண்ணுகிறது. அந்த நேரம் உடம்புக்குப் புரதம் வேணும். முட்டை, பருப்பு, வாவி மீன் எல்லாம் கொடுக்கலாம். வெள்ளையணு குறைந்த நாட்களில் பச்சை வல்லாரைச் சம்பலை விட்டு, கீரையை நன்றாக அவித்துக் கொடுங்கள். டொக்டரிடமும் ஒரு சொல் கேளுங்கள். மீன்குழம்பில் தூளைக் குறையுங்கள், வாய்ப்புண் எரியும்.