உப்புக் காற்றில் ஓடும் செயின்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரத்தைத் தாண்டினால் கடல் பக்கம் முழுக்க உப்பளம். பாத்தி பாத்தியாகத் தேங்கிய உவர்நீர், கரையோரம் பனையோலை வேய்ந்த உப்புக் குவியல்கள். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்தான். வெயில் ஏறும் முன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். வந்த டிவிஎஸ் எக்ஸ்எல்களும் ஸ்பிளெண்டர்களும் பாத்திக் கரையிலேயே நிற்கின்றன. உப்புச் சேறு அப்பிய சக்கரமும் உப்புக் காற்று படிந்த செயினுமாக அவை முற்பகலில் வீடு திரும்புகின்றன. அந்தச் செயின்களைக் கழுவிக் காப்பாற்றும் மெக்கானிக்குகளைப் பார்க்கத்தான் முள்ளக்காட்டுப் பக்கம் போயிருந்தேன்.

சாலையோர உடைமரத்து நிழலில் தகரம் போட்ட ஒரு பட்டறை. அதை நடத்துகிறவரை ஊரே அண்ணாச்சி என்கிறது. நானும் அப்படியே அழைத்தேன். அறுபதை நெருங்கும் வயது. உடன் ஒரு இளைஞர், அண்ணாச்சியின் அக்கா மகன். நான் போனபோது உப்பளக் கங்காணி ஒருவரின் ஸ்பிளெண்டர் சென்டர் ஸ்டாண்டில் நின்றது. செயினை முழுதாக மூடியிருக்கும் அந்த வண்டியின் செயின் கவரைக் கழற்றியதும் உள்ளே தெரிந்தது பழுப்பும் கறுப்புமான ஒரு குழம்பு. பழைய கிரீஸ், மணல், துரு, உப்பு எல்லாம் சேர்ந்தது. கவர் மழையைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் செயின் கண்ணில் படாததால் அதை யாரும் நினைப்பதும் இல்லை.

இளைஞர் டப்பாவை எடுத்தார். சீமெண்ணெய் என்று நினைத்தேன், நல்ல தண்ணீர். வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். பட்டறைப் பின்னால் இருக்கும் போர்த் தண்ணீர் உவர்ப்பு. அதைச் செயின் பக்கம் கொண்டுபோவதே இல்லை.

"மதுரைக்காரன் நேரா சீமெண்ணெய ஊத்தலாம் சார். அவனுக்கு அழுக்குன்னா தூசி. நமக்கு அழுக்குன்னா உப்பு. உப்பு சீமெண்ணெயில கரையுமா? கிரீஸு மட்டும் போயிரும். உப்பு அங்கனயே கிடந்து வெறும் இரும்ப அரிக்கும்" என்றார் அண்ணாச்சி.

நான் அந்தப் பட்டறையில் கற்றதில் முதன்மையானது இதுதான். செயினைக் கழுவ மண்ணெண்ணெய், பிறகு எண்ணெய் என்று எங்கும் சொல்வார்கள். உப்பளத்தில் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. உப்பு தண்ணீரில்தான் கரையும். கிரீஸ் மண்ணெண்ணெயில்தான் கரையும். அதனால் முதலில் தண்ணீர், பிரஷ், மறுபடி தண்ணீர். பிறகு காற்றடித்துக் காய வைத்து, வெயிலில் கொஞ்ச நேரம் விட்டு, அதற்கப்புறம்தான் மண்ணெண்ணெய். அந்தப் பட்டறையில் யாரும் வேதியியல் படித்தவர்கள் இல்லை. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உப்பு கலந்த ஈரத்தில் இரும்பு பல மடங்கு வேகமாகத் துருவேறும் என்பதை அவர்கள் துருவைப் பார்த்தே தெரிந்துகொண்டவர்கள்.

செயின் லாக்கை நெம்பி எடுத்து, செயினை ஒரு தட்டில் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார் இளைஞர். பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியையும் நான்கு பக்கமும் தேய்த்தார். தேய்த்த கண்ணியை விரலால் மடக்கி நீட்டிப் பார்த்தார். சில மடங்கவில்லை. உள்ளே துரு பிடித்து இறுகியவை. அவற்றை மறுபடி ஊற வைத்து, அசைத்து அசைத்து இளக்கினார். நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகள். அவசரமே இல்லாமல், ஒன்றைக்கூட விடாமல் அவர் செய்துகொண்டே போனதை நான் வேறெங்கும் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் செயினின் அமைப்பு 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கியது. பின், அதைச் சுற்றி புஷ், புஷ்ஷைச் சுற்றி உருளும் ரோலர், இரு பக்கமும் பிளேட். நூற்று நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. செயின் இழுத்துவிட்டது என்று நாம் சொல்கிறோமே, அங்கே இரும்பு நீளவில்லை. பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் நூறு கண்ணிக்கு 10 மில்லிமீட்டர். சாலையில் செயின் தளர்ந்து ஆட அது போதும். ஆக, எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவிலுள்ள அந்த மெல்லிய இடைவெளி. அங்கே மணலும் உப்பும் குடியிருக்கும்போது மேலே எண்ணெய் ஊற்றினால், மணலும் எண்ணெயும் கலந்து அரைக்கும் பசையாகிவிடும். அழுக்குச் செயினுக்கு எண்ணெய் விடுவதைவிட விடாமலிருப்பதே மேல் என்று அண்ணாச்சி அடித்துச் சொன்னார். நானும் அதை ஏற்கிறேன்.

தேய்மானத்தை அளக்க டேப் எடுத்தார். அரை அங்குலக் கண்ணி, அதாவது 12.7 மில்லிமீட்டர். இழுத்துப் பிடித்த செயினில் 20 கண்ணி 254 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 259ஐத் தொட்டால் இரண்டு சதவீதம் தேய்ந்தாயிற்று, மாற்ற வேண்டியதுதான். கங்காணியின் செயின் இன்னும் எல்லைக்குள் இருந்தது. பின் ஸ்பிராக்கெட்டின் பல்லையும் தடவிப் பார்த்தார். "பல்லு அருவா மூக்கு மாதிரி சாஞ்சிருந்தா செயின மட்டும் மாத்தி பிரயோசனம் இல்ல. புதுச் செயினையும் அது தின்னுரும்."

சுவரில் புதிய செயின்-ஸ்பிராக்கெட் கிட்கள் தொங்கின. கோயம்புத்தூர் எல்ஜிபியின் ரோலான், சென்னை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் டைமண்ட். நாட்டின் பெரிய செயின் நிறுவனங்களில் இரண்டு தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன.

எண்ணெய் விடும் முறையில்தான் அண்ணாச்சியின் கைத்திறன் முழுதாகத் தெரிந்தது. 90 நம்பர் கியர் ஆயில், கூர்மூக்கு கேன். செயினைத் திரும்பப் பூட்டும்போது லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்தார். மாறியிருந்தால் ஓட்டத்தில் எதிலாவது பட்டு கிளிப் கழன்றுவிடும். பிறகு சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றியபடி, செயினின் கீழ் ஓட்டத்தில், உட்பக்கமாக, பிளேட்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பில் சொட்டுச் சொட்டாக விட்டார். உட்பக்கம் விட்டால் சக்கரம் சுற்றும் வேகமே எண்ணெயை வெளிப்பக்கம் தள்ளிக் கண்ணிக்குள் செலுத்தும். கொஞ்ச நேரம் ஊற விட்டு, பனியன் வேஸ்ட்டால் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டார். வெளியே பளபளவென்று எண்ணெய் நின்றால் அது மணலைத்தான் பிடிக்கும். என்ஜினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை விடும் பழக்கம் அவருக்கு அறவே பிடிக்காது; அதில் தேய்ந்த இரும்புத் தூள் இருக்கிறது என்பது அவர் சொல்லும் காரணம். பழைய புல்லட்கள் ஓடிய காலத்தில் கிரீஸைக் காய்ச்சி அதில் செயினை ஊறப் போடுவதைத் தன் குருநாதரிடம் பார்த்திருக்கிறாராம். இப்போது பல்சர் 220 வண்டிகளில் வரும் ஓ-ரிங் செயினுக்கு அதெல்லாம் ஆகாது. பின்னுக்குள் கிரீஸை அடைத்து ரப்பர் வளையத்தால் மூடியிருப்பார்கள். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும்.

தளர்வு வைப்பதில் அவர் கையேட்டைவிட ஒருபடி மேலே போகிறார். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளுக்குக் கீழ் ஓட்டத்தின் நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே அளந்தார். "இங்க ஒரு வண்டியில தம்பதியா போவாங்க, கூட தண்ணிக் கேனும் இருக்கும். ரெண்டு பேர உக்கார வெச்சுப் பாத்துத்தான் நட்ட முடுக்குவேன்." அதிக இறுக்கம் கியர்பாக்ஸ் பேரிங்கையே கெடுக்கும்.

அவருடைய வலது ஆள்காட்டி விரலில் நகம் இல்லை, நுனியே இல்லை. சிறுவனாக வேலை பழகும்போது, என்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைத்திருக்கிறார். அன்று எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். துணியின் நுனியை ஸ்பிராக்கெட் இழுத்தது, துணியோடு விரலையும். கையை உதறக்கூட நேரமில்லை. அன்றிலிருந்து செயினைத் தொடும் முன் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். பட்டறையில் அது சட்டம். மருமகன் மறந்தால் வேலையே நிறுத்தம்.

அந்த இளைஞரின் கைகளும் என்னைக் கவலைப்பட வைத்தன. நாள் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறிய தோல், விரல் இடுக்குகளில் வெடித்திருந்தது. ரேஷன் மண்ணெண்ணெய் வரத்துக் குறைந்த பிறகு பல நாள் டீசல்தான். சோப்புத் தூளும் மணலும் சேர்த்துத் தேய்த்துக் கழுவும்போது, வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டு எரியும் என்றார். எண்ணெய் தாங்கும் ரப்பர் கையுறை கடைகளில் கிடைக்கிறது. வியர்வையில் வழுக்குகிறது, கண்ணி இறுகியிருப்பது விரலுக்குத் தெரிவதில்லை என்பது அவர் தரப்பு. ஊற வைக்கும் நேரத்திலாவது போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். அழுக்கு மண்ணெண்ணெயை அவர்கள் மண்ணில் கொட்டுவதில்லை. தகரத்தில் தெளிய வைத்து மேலாக வடித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

உப்பளம் ஐப்பசி மழையோடு நின்றுவிடும். வேலையில்லாத அந்த மாதங்களுக்குத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அப்போது வண்டியும் வீட்டில் நிற்கும், செயினில் உப்போடு. தை மாதம் வெளியே எடுத்தால் செயின் கம்பியாய் விறைத்திருக்கும். மழைக்கு முன்னால் கொண்டுவாருங்கள், கழுவி எண்ணெய் விட்டுத் தருகிறேன் என்று அண்ணாச்சி ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். கழுவினால் செயின் நீடிக்கும், கிட் விற்காது, அதில் அவருக்குத்தான் நஷ்டம். ஆனாலும் சொல்கிறார்.

ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் கிட்டை வாடிக்கையாளர்கள் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போகிறார்கள். கழுவும் கூலி என்றால் மட்டும் முகம் மாறுகிறது. பொருளுக்கு விலை உண்டு, கையின் உழைப்புக்கு இல்லை என்ற கணக்கு நம் எல்லோரிடமும் இருக்கிறது. அது அநியாயமான கணக்கு. கங்காணி அன்று டீக்காசு அளவுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அண்ணாச்சி வாங்கிக்கொண்டார்.

கடலோரத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் செயினைக் கழுவி, காய வைத்து, எண்ணெய் விடுங்கள். செயினைத் தொடும் முன் சாவியை உருவிவிடுங்கள். பட்டறையில் கொடுத்துக் கழுவினால், அந்த வேலைக்கு அவர்கள் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.