வரியா, புள்ளியா?

சிங்கப்பூரின் வடகரையில், மழைநீர்க் கால்வாய் ஒன்று கடலோடு கலக்கும் உவர்நீர்ப் பகுதி. நீர் வற்றியிருந்த நேரம். கடற்புல்லுக்கு நடுவே விரல்நகத்தைவிடச் சிறிய நத்தைகள், நூற்றுக்கணக்கில். ஒன்றில் வரிக்குதிரை வரி, ஒன்றில் புள்ளி. எதையும் எடுக்காமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வந்து இரண்டு ஃபோல்டர் போட்டேன்: 'வரி', 'புள்ளி'. ஆபீஸிலும் அதுதானே வேலை, படங்களுக்கு லேபிள் ஒட்டி மெஷினுக்குக் கற்றுக்கொடுப்பது.

பிறகுதான் தெரிந்தது, எல்லாமே ஒரே இனம். க்ளித்தான் உவாலானியென்ஸ். ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே 'சந்தேகத்துக்குரிய நெரைட்'! நெரைட் நத்தைகளில் மேல்கோலத்தை நம்பி இனம் பிரிக்க முடியாது. ஓட்டின் வடிவம், அரைநிலா வாயின் ஓரத் தட்டில் உள்ள பற்கள், வாயை அடைக்கும் மூடி, இதையெல்லாம் புரட்டிப் பார்க்கணும். மீன்தொட்டிக் கடைகளில் 'ஜீப்ரா', 'டைகர்' என்று விற்பவற்றிலும் இதே குழப்பம்தான்.

ஒரு படம் மட்டும் எந்த ஃபோல்டரிலும் அடங்கவில்லை. சுருளின் நுனிப்பக்கம் புள்ளி, வாய்ப்பக்கம் வரி. நடுவில் சன்னமாக ஒரு தழும்பு.

நத்தை ஓடு வாயின் விளிம்பில்தான் நீள்கிறது. அன்றன்றைய நிறம் அங்கே சேரும். பழைய கோலம் அப்படியே நிற்கும். எங்க பாஷையில் சொன்னால், கடைசியில் மட்டுமே எழுத முடிகிற லாக் ஃபைல். ஹான்ஸ் மைன்ஹார்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, ஓட்டுக் கோலங்களைச் சமன்பாடுகளாக்கி கம்ப்யூட்டரில் வரைந்து காட்டி 1995இல் ஒரு புத்தகமே போட்டார். இந்த நத்தையும் அதில் உண்டு. விளிம்பு அடிபட்டாலோ சூழல் மாறினாலோ, அதே நத்தை வேறு கோலம் போட ஆரம்பிக்கலாம்.

மகள் திரையைத் தொட்டுக் கேட்டாள்: "இந்த இடத்துல அதுக்கு என்னப்பா ஆச்சு?"

"தெரியலம்மா."

2021 மே மாதம் மதுரையில் அப்பா இறந்தபோது என்னால் விமானம் ஏற முடியவில்லை. கொள்ளி வைத்ததை வீடியோ காலில் பார்த்தேன். மறுநாள் காலை ஆபீஸ் லாகின். அந்த வாரம் நான் எழுதிய கோடை இப்போது திறந்து பார்த்தேன். ஒரு தழும்பும் இல்லை. வழக்கத்தைவிட அதிகமாகவே வேலை செய்திருக்கிறேன்.

ராத்திரி இரண்டு ஃபோல்டரையும் கலைத்து எல்லாப் படங்களையும் ஒன்றாகப் போட்டேன். அந்த ஒன்றை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன். மகள் மறுபடி கேட்டால் தாத்தா கதையைச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.