முதல் கணினி: எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது?

தோழர்களே, "சமூகப் பணி செய்கிற உனக்குக் கேம் கணினி எதற்கு?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. பகலெல்லாம் களத்தில் அலைந்தவர் இரவில் ஒரு மணி நேரம் விளையாட ஆசைப்பட்டால், அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் என்பதால் தேர்வில்தான் கவனம் வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் வண்ண விளக்குக் கேபினட்டுகள் கண்ணைப் பறிக்கும். விளக்கால் கேம் வேகமாக ஓடாது. நான் எடுத்தது ரைசன் 5 5600ஜி. 6 கோர், கிராபிக்ஸும் உள்ளேயே இருப்பதால் தனிக் கார்டு இல்லாமல் தொடங்கலாம். வாலரண்ட் போன்ற கேம்களுக்கு இது போதும். ஆனால் இந்தக் கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் பகிர்ந்துகொள்ளும். அதனால் 16 ஜிபி ஒன்றை வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். தரவு இரண்டு தடங்களில் ஓடும். வேகம் கண்ணுக்கே தெரியும்.

பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினட்டோடு சும்மா தரும் மட்டமான சரக்கு பழுதானால் மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். நல்ல தரத்தில் 550 வாட் எடுத்துவிட்டால், பணம் சேர்ந்தபின் நடுத்தரக் கார்டு ஒன்றைப் போடும்போது இதை மாற்ற வேண்டியிருக்காது.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள்; வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். "இதெல்லாம் உனக்குப் புரியாது தம்பி" என்று கடைக்காரர் சொன்னால், புரியும்வரை கேளுங்கள். காசு நம்முடையது, கேள்வியும் நம்முடையதுதான்.