பூன் லேயில் ஒரு சம்பளச் சீட்டு

ஊரை விட்டு வந்த பிறகுதான் படித்த பள்ளியின் அருமை தெரியும் என்பார்கள். நான் எப்படிப்பட்ட ஆசிரியராக வேண்டும் என்பதும் எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அதைக் கற்றுத் தந்தவர்கள் இருவர். ஒருவர் யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்த வேலூர்த் தமிழர். மற்றவர் ஜூரோங்கில் வேலை செய்யும் புதுக்கோட்டைக்கார அண்ணன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். 2015இல் ஆறாம் ஆண்டுத் தேர்வில் மலாய்மொழி என் காலை வாரிவிட்டது. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவர்களில் மலாய்மொழியில் பின்தங்கியவர்கள், முதலாம் படிவத்திற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் படிக்க வேண்டும். 2016 முழுவதும் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வாரத்தில் ஒரு பாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அப்பாவின் பெயருக்குக் கீழே ‘பெண்டாப்பாத்தான்’ என்று இருந்தது. எனக்குத் தெரிந்த சொல் ‘பெண்டாப்பாட்’. அதற்குக் கருத்து என்று பொருள். அப்பாவைப் பற்றி என் கருத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, ‘மிகவும் நல்லவர்’ என்று மலாயில் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கேட்டது அப்பாவின் வருமானம்! பின்வரிசை மாணவன் அதை உரக்கப் படிக்க, வகுப்பே சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் அவர் பாடநூலை ஓரமாக வைத்துவிட்டு, பாரங்கள், மருந்தக அட்டை, பேருந்து நிலைய அறிவிப்பு ஆகியவற்றைக் கொண்டுவந்து மலாய் சொல்லிக் கொடுத்தார். ஆண்டிறுதியில் தம்பியின் பாரத்தையும் நானே நிரப்பினேன்.

இத்தனையும் பட்டவளுக்கு, கற்பிக்கும் முறை கேட்காமலே வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதுதான் வெட்கம்.

சென்ற ஆண்டு, பூன் லே அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளம் ஒன்றில் நண்பர்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கினார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். வளாகத்திலிருந்து 179ஆம் எண் பேருந்தில் ஏறினால் பூன் லே சந்திப்பு நிலையம் வந்துவிடும். என் பையில் ஆப்பிள், பந்து, பூனைப் படங்கள் போட்ட குழந்தைப் புத்தகம். முதல் வாரம் அண்ணன் ஆர்வமாக உட்கார்ந்தார். இரண்டாம் வாரம் தூங்கி வழிந்தார். மூன்றாம் வாரம் வரவேயில்லை. “வேலைக் களைப்பு, பாவம்” என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் ஒரு கட்டுரைக்காக நூலகத்தில் தேடியபோதுதான் மால்கம் ஆதிசேசையாவைச் சந்தித்தேன். 1910இல் வேலூரில் பிறந்தவர். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவர். 1948இல் யுனெஸ்கோவில் சேர்ந்து, 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். அக்காலத்தில்தான் எழுத்தறிவுப் பணியில் ஒரு பெரிய திருப்பம் நிகழ்ந்தது. 1965இல் கல்வி அமைச்சர்களின் உலக மாநாடு தெஹ்ரானில் கூடியது. அதன்பின் 11 நாடுகளில் சோதனை முறையிலான உலக எழுத்தறிவுத் திட்டம் நடைபெற்றது. அரிச்சுவடியைத் தனியாகக் கற்பிக்காமல், கற்பவர் செய்யும் தொழிலோடு சேர்த்துக் கற்பிப்பதே அதன் அடிப்படை. இந்தியாவில் உழவர்கள் புதிய விதைகளையும் உரத்தையும் பற்றி அறிந்துகொண்டே எழுத்தும் கற்றார்கள்.

அந்தத் திட்டம் எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை. 1976இல் யுனெஸ்கோ அதன் குறைகளைத் தானே ஒரு நூலாக வெளியிட்டது. உற்பத்தியைப் பெருக்குவதிலேயே கண்ணாக இருந்துவிட்டோம் என்பது அதில் முக்கியமான குறை. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த பெர்செபொலிஸ் பிரகடனம், எழுத்தறிவு என்பது படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் தெரிவது மட்டுமன்று, மனிதனின் விடுதலைக்குத் துணைசெய்வது என்றது. உலக அமைப்பே தன் தவற்றை ஒப்புக்கொள்ளும்போது, குழந்தைப் புத்தகம் தூக்கிப்போன நான் ஒப்புக்கொள்வதற்கென்ன?

அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். “அண்ணா, உங்களுக்கு எதப் படிக்கணும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “சம்பளச் சீட்டு, டீச்சர்” என்றார்.

சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் 1 முதல் முதலாளிகள் விவரமான சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது சட்டம். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம், மிகைநேர வேலை என எல்லாம் அதில் இருக்கும். படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் காகிதம்தானே! அடுத்த ஞாயிறு எங்கள் பாடநூல் அந்தச் சீட்டுதான். ‘பேசிக்’, ‘டிடக்‌ஷன்’, ‘ஓவர்டைம்’ என்று ஒவ்வொரு சொல்லாகப் படித்தோம். அவரைப் போன்ற உடலுழைப்பு ஊழியர்களுக்கு மிகைநேர வேலைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு அடிப்படை ஊதியம் உண்டு என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். அண்ணன் அன்று தூங்கவில்லை.

நான்காவது வாரம், தமிழில் நாள்வாரியாக மணிக்கணக்கு எழுதிய சிறு குறிப்பேட்டை எடுத்துச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆறு மணி நேரம் குறைந்தது. எனக்குக் கோபம் வந்தது. “நான் பேசட்டுமா அண்ணா?” என்று கைப்பேசியை எடுத்தேன். அவர் தலையசைத்து மறுத்தார். “வேணாம் டீச்சர். எப்படிக் கேக்கணும்னு மட்டும் சொல்லித் தாங்க. நானே கேக்குறேன்.”

இரண்டே வாக்கியங்கள். பத்து முறை சொல்லிப் பார்த்தார். மறுவாரம் திருத்திய சீட்டோடு வந்தார். எண்ணும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டது அவருடைய வாய். விடுதலை என்ற அந்தப் பெரிய சொல்லுக்குப் பூன் லேயில் எனக்குக் கிடைத்த பொருள் இதுதான்.

ஆசிரியர் வேலை என்றால் நிலையான சம்பளம், ஓய்வூதியம், ஊரில் மரியாதை என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். அவை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் இப்போது ஒரு குறிக்கோளும் சேர்ந்திருக்கிறது. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாறும் வாசலில் தடுமாறி நிற்பவர்களுக்கு, அது புகுமுக வகுப்புப் பிள்ளையானாலும் கடல் கடந்து வந்த ஊழியரானாலும், அவர்கள் கையில் இருக்கும் தாளிலிருந்தே பாடம் தொடங்கும் ஆசிரியராக வேண்டும். படிப்பு முடிந்ததும் ஜொகூருக்குத் திரும்பி, நான் உட்கார்ந்த அதே மாதிரியான வகுப்பில் நின்று கற்பிக்க வேண்டும்.

நண்பர்களே, அடுத்த முறை பூன் லே நிலையத்தில் பேருந்துக்கு நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் அண்ணனிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். “எதப் படிக்கணும்?” என்று கேட்க மறக்காதீர்கள். குழந்தைப் புத்தகத்தை மட்டும் விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.