மைதாஸின் மகள்

கிரேக்கக் கதைகளைக் குழந்தைகளுக்கு அப்படியே கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெற்ற பிள்ளைகளையே விழுங்குகிற குரோனஸ் அவற்றில் வருகிறான். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை.

அமெரிக்க நாவலாசிரியர் ஹாதார்ன் 1851-இல் அக்கதைகளைக் குழந்தைகளுக்காகத் திருப்பி எழுதியபோது துணிந்து கைவைத்தார். ரோமானியக் கவி ஓவிட் சொன்ன கதையில், ரொட்டியும் மதுவும் தொட்ட மாத்திரத்தில் பொன்னாகிவிட, மைதாஸ் அரசன் பசியால் தவிக்கிறான். பாக்டோலஸ் ஆற்றில் முழுகி மீள்கிறான். மகள் வரவில்லை. அவளைக் கொண்டுவந்து, தகப்பன் கைபட்டுப் பொற்சிலையாக நிற்க வைத்தவர் ஹாதார்ன். வால்டர் கிரேன் பிற்பாடு அதைச் சித்திரமாகத் தீட்டினார். இன்று மைதாஸ் என்றதும் பலருக்கும் அந்தப் பெண்தான் நினைவுக்கு வருகிறாள்.

பண்டிதர்கள் இதைக் குற்றம் என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். என் மகளுக்கு அந்தப் படத்தைக் காட்டிக் கதை சொன்னேன். அரசனின் பசியை அவள் பொருட்படுத்தவே இல்லை. சிலையாகிவிட்ட பெண்ணைக் கண்டதும், "இனிமேல் பேச மாட்டாளா, அப்பா?" என்றாள்.

பசி பெரியவர்களின் பயம். அணைக்க வருகிற கையே ஆபத்தாகிவிடுமோ என்பது குழந்தையின் பயம். குரோனஸை ஒளித்துவைப்பதால் அந்தப் பயம் போய்விடாது. அதைச் சொல்லி, மீளும் வழியையும் சொன்னால் போதும். ஆற்று நீரை அந்தப் பெண்ணின்மேல் தெளிக்க ஹாதார்ன் மறக்கவில்லை.